மகளுக்கு: பின்நவீனத்துவம் பற்றி

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகள்,

"பின்நவீனத்துவம் என்றால் உண்மை என்று ஒன்றுமே இல்லை என்பதுதானே, அப்பா?" என்று போன கிழமை கேட்டாய். இல்லை. அப்படிச் சுருக்கிச் சொல்லுகிறவர்களை நம்பாதே. தொலைபேசியில் கதைத்து முடிக்கிற விஷயமில்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார். சந்தேகம் ஐரோப்பாவுக்குப் புதிதில்லை. 1637இலேயே பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த் எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம் என்று எழுதினார். ஆனால் அசைக்க முடியாத ஒரு நிச்சயத்தில் போய் நிற்பதற்காகத்தான் சந்தேகித்தார். 1784இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட், இன்னொருவர் வழிகாட்டாமல் சொந்தப் புத்தியைப் பாவிக்கத் துணி என்றார். அறிவு வளர வளர மனிதர் விடுதலை அடைவர், வரலாறு முன்னோக்கித்தான் போகும் என்ற நம்பிக்கை பலப்பட்டது. மார்க்சும் அந்த நம்பிக்கையில் வந்தவர்தான். எங்கள் தலைமுறை மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதியையும் சிவத்தம்பியையும் வாசித்து வளர்ந்தது. இலக்கியத்தைச் சமூகத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவர்கள் அவர்கள். அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

ஹிட்லரின் வதைமுகாம்களுக்கும் ஹிரோஷிமாவுக்கும் பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1979இல் பிரெஞ்சுத் தத்துவஞானி லியோதார், கனடாவின் கியூபெக் மாகாணப் பல்கலைக்கழகச் சபைக்காக அறிவின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கையே பின்நவீனம் என்று அதில் சொன்னார். மனித வரலாறு முழுவதையும் ஒரே கதைக்குள் அடக்கிவிடுகிற விளக்கங்களைத்தான் அப்படி அழைத்தார். அவரே பல வருடங்கள் இடதுசாரிக் குழுவில் வேலைசெய்தவர் என்பதை மறக்காதே.

இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான ஃபூக்கோவை வாசிக்கும்போது எங்கள் வீட்டையே வைத்து யோசி. மனிதரைப் பற்றிய அறிவும் மனிதரை ஆளும் அதிகாரமும் சேர்ந்தே வளர்கின்றன என்பது அவர் வாதம். 2012 குடிசன மதிப்பீட்டுக்கு ஒருவர் படிவத்தோடு வந்தார். இனம் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு. அம்மாவின் ஆட்கள் மலையகத்து அட்டன், என் ஆட்கள் யாழ்ப்பாணம். உனக்கு எதைப் போடுவது? வந்தவர் பேனையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். அம்மா குசினி வாசலில் நின்று ஒன்றும் பேசவில்லை. கடைசியில் என் பக்கத்தையே எழுதிக்கொண்டு போனார். 1911 கணக்கெடுப்பில் பிரித்தானிய ஆட்சி பிரித்து எழுதிய பிரிவு அது. அந்தக் கோட்டுக்கு அப்பால் இந்தியத் தமிழராக நின்றவர்களில் பெரும்பாலானோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அம்மாவின் தாத்தாவும் அதில் ஒருவர். அறிவு யாருக்காகச் சேகரிக்கப்படுகிறது என்று ஃபூக்கோ கேட்பது எனக்கு வெறும் தத்துவமாகப் படாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் எல்லாம் கதைதான், எல்லாக் கதையும் சமம்தான் என்று அங்கிருந்து நழுவுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வெயிலில் இருக்கிற தாயிடம் போய் உண்மை பல வகை என்று சொல்லிப் பார்க்கட்டும். என்ன நடந்தது என்ற ஒரு பதில்தான் அவளுக்கு வேண்டும். அதிகாரம் சொல்லும் கதையைச் சந்தேகிப்பதற்கும் உண்மையைத் தேடுவதற்கும் அவளிடம் முரண்பாடே இல்லை. பின்நவீனத்துவத்தின் கேள்விகள் எனக்கு வேண்டும். அதன் பெயரால் வருகிற கைவிரிப்பு வேண்டாம். நவீனம் இன்னும் முடியாத வேலை, அதைக் கைவிடக் கூடாது என்று 1980இல் ஜெர்மன் தத்துவஞானி ஹபர்மாஸ் வாதிட்டார். அந்த இடத்தில் நான் அவரோடு.

லியோதாரின் புத்தகம் சின்னது, அதில் தொடங்கு. இந்த வரிசையில் வருகிற இன்னொரு பிரெஞ்சுத் தத்துவஞானி தெரிதா கொஞ்சம் பொறுக்கட்டும். அப்புறம் ஹபர்மாஸை வாசித்துவிட்டு, நான் சொன்னதில் எது பிழை என்று எழுது. உன் விரிவுரையாளர் ஹபர்மாஸைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா