சாய்ந்த நெல்லை நிமிர்த்துவது வெயிலன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் விவசாயப் பக்கத்தில், மழைக்குச் சாய்ந்த நெற்பயிரைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், “மழை விட்டு வெயில் எறித்ததும் சூரியனைத் தேடிப் பயிர் தானாகவே நிமிர்ந்துவிடும்; விவசாயிகள் வீணாகக் கலங்கத் தேவையில்லை” என்று முடித்திருக்கிறார். கட்டுரையின் ஏனைய பகுதிகளைப் பொறுத்துக்கொண்ட என்னால் இந்த ஒரு வாக்கியத்தைப் பொறுக்க முடியவில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் தகப்பனார் விட்டுச்சென்ற வயலில் காலபோகம் என்னும் மாரிப்போக நெல் விதைத்துவரும் எனக்கு, படிப்பித்தவன் என்ற முறையிலும் விதைத்தவன் என்ற முறையிலும் இது மனத்தைத் தைத்தது.

சாய்ந்த பயிருக்கு மேல் எது, கீழ் எது என்று உணர்த்துவது வெயிலன்று, புவியீர்ப்பு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்தின் தோமஸ் நைற் 1806ஆம் ஆண்டிலேயே, சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்கவைத்து, தண்டுகள் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வேர்கள் வெளிப்புறம் நோக்கியும் வளர்வதைக் காட்டிவிட்டார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கணுவோடு வெட்டிய இளம் நெற்தண்டை ஈரமணலில் கிடையாகச் செருகி இருட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால், மறுநாள் திறக்கும்போது அது கணுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும். என் மாணவர்கள் வகுப்புக்கு வகுப்பு செய்து பார்த்த சோதனை இது. அந்த அலுமாரிக்குள் எந்தச் சூரியன் உதித்தது என்று கட்டுரையாளர் விளக்குவாராயின் நன்றியுடையவனாவேன்.

புல்லினத்தில் இந்த வேலை நடப்பது கணுவில். இலையுறையின் அடிப்பகுதி கணுவைச் சுற்றிச் சற்றுத் தடித்திருக்கும். பயிர் நேராக நிற்கும்வரை அந்தத் தடிப்பு நீளாமல் சும்மா இருக்கும். பயிர் படுத்ததும் அதிலுள்ள சில கலங்களின் மாப்பொருள் மணிகள் நிமிடக்கணக்கில் இறங்கி, புதிதாகக் கீழாகிவிட்ட பக்கத்தில் படிகின்றன. அதைத் தொடர்ந்து ஒட்சின் என்னும் ஓமோன் கணுவின் கீழ்ப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. தண்டை நீளச்செய்யும் ஜிபரெலின் என்னும் இன்னொரு ஓமோனும் இரு பக்கங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. புதிய கலங்கள் பிறப்பதில்லை. இருக்கின்ற கலங்களே கீழ்ப்பக்கத்தில் நீள, மேற்பக்கம் ஏறக்குறைய அப்படியே நிற்க, தண்டு மேல்நோக்கி வளைகிறது. வயலில் இறங்கி அந்தக் கணுவை விரலால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழ்ப்பக்கம் புடைத்து வழுவழுப்பாகவும் மேற்பக்கம் ஒடுங்கியும் இருப்பது. ஒரு கணு தனித்து முழுவதையும் நிமிர்த்துவதில்லை. அடுத்தடுத்த கணுக்கள் பங்குபோட்டுக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் கதிரை மேலே தூக்குகின்றன. முளை ஒளியை நோக்கி வளைவதிலும் ஒட்சினுக்குப் பங்குண்டு என்பதை டார்வின் 1880இல் தொடக்கிவைத்த ஆய்வின் வழியே 1928இல் வென்ற் என்பவர் நிறுவினார். கட்டுரையாளர் அந்தப் பாடத்தைத் தூக்கி வந்து இந்தக் கேள்விக்கு விடையாக எழுதியிருக்கிறார். ரியூஷன் குறிப்புகளை மட்டும் மனனஞ்செய்து பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் நான் கண்டு சலித்த பழக்கம் இது.

இது வெறும் பாடப் பிழையாயின் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். எல்லாக் கணுவும் எப்போதும் வளைவதில்லை. முதிர்ந்த கணு அந்தத் திறனை இழந்துவிடும். கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் குடலைப் பருவத்திலோ கதிர் வெளிவரும் நேரத்திலோ படுத்த பயிர் ஓரளவு எழும்பும். தை மாதத்தில் முற்றிய கதிரோடு படுத்தது எத்தனை வெயில் எறித்தாலும் எழும்பாது, தேங்கிய தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைவிடும். அந்த நேரத்தில் வடிகாலை வெட்டித் தண்ணீரை இறக்காமல், பத்திரிகை சொன்னதென்று வெயிலுக்குக் காத்திருப்பவனுக்கு யார் பதில் சொல்வது?

எழும்பிய பயிரும் தப்பிய பயிரல்ல என்பதை நான் பட்டு அறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் வயல் வெள்ளத்தில் படுத்தபோது, இழப்பீட்டுக்காகப் பார்வையிட வரவேண்டிய உத்தியோகத்தர் கிழமை கழித்து ஆறுதலாக வந்து, சப்பாத்து நனையாமல் வரம்பில் நின்றபடியே, கதிர்கள் நிமிர்ந்திருப்பதைக் கண்டு “சேதமில்லை” என்று எழுதிக்கொண்டு போனார். கதிருக்குக் கீழே தண்டு நிலத்தோடு கிடந்ததையும், அடியிலைகள் சேற்றில் அழுகியதையும் காட்டக் கூப்பிட்டேன். அவருக்கு வேறு வேலை இருந்தது. அறுவடையில் பாதி பதர். அந்த ஓமோன்கள் தம் கடமையைச் செய்ததற்கு நான் தண்டம் கட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். இதை அப்போதே தங்களுக்கு எழுதினேன். இடநெருக்கடி போலும், வெளிவரவில்லை.

ஆனால் அதே பக்கத்தின் அடியில், சாய்ந்த பயிரை நிமிர்த்தும் “ஓமோன் மருந்து” விளம்பரத்துக்கு இடமிருந்திருக்கிறது. கணு வளைவது இரு பக்கங்களுக்குமிடையே ஓமோன் அளவு வேறுபடுவதால். பயிர் முழுவதும் ஒரே சீராகத் தெளித்தால் அந்த வேறுபாடு எங்கிருந்து வரும்? ஒட்சினைப் போல் செயற்படும் எம்.சி.பி.ஏ.யை அகன்ற இலைக் களைகளைக் கொல்லத்தானே எங்கள் வயல்களில் அடிக்கிறோம். விழாமல் தடுக்க வேண்டுமாயின் யூரியாவை அளவோடு போடவும், நெருக்கி விதைக்காமல் விடவும், குட்டை இனங்களைத் தேர்ந்தெடுக்கவும் சொல்லுங்கள். 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்ற நெல்லினம் குட்டையாக நின்றதே அதன் உடலில் ஜிபரெலின் குறைவாக உருவானதால்தான். ஆனால் இதற்கெல்லாம் யாரும் விளம்பரக் கட்டணம் தரமாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முற்றிய பயிர் நிமிராது என்றும், நிமிர்ந்து தெரியும் பயிரையும் வயலில் இறங்கி அடித்தண்டு வரை பார்த்தே சேதம் கணிக்கவேண்டும் என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வளைந்த கணுவின் படம் வேண்டுமாயின் தருகிறேன். சென்ற முறை கடிதத்தோடு அனுப்பிய படம் தங்கள் அலுவலகத்திலேயே எங்காவது இருக்கக்கூடும். முதலில் அதைத் தேடிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தென்மராட்சி.