படத்தில் இல்லாத பாராசூட்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். நவம்பரில் போனை வைத்ததிலிருந்து நாம் இரண்டு பேரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். "சாப்பிட்டானா கேளு", "பிரஷர் மாத்திரை போட்டாரா கேளு" என்று நடுவில் அவள்தான் தபால்காரி. நேற்று, "இனிமே நீங்களே எழுதிக்கோங்க, எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை சும்மா இருக்காமல் கூடவே ஏதாவது வீடியோவையும் தட்டிவிட்டுவிடும் என்று எனக்கே பயம். அதனால்தான் பேப்பர், பேனா.

வீடியோ என்றதும் ஞாபகம் வந்திருக்கும். 2024 ஜூனில் இத்தாலியில் ஜி7 என்ற ஏழு பணக்கார நாடுகளின் மாநாடு நடந்தது. தலைவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக நிற்க, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பைடன் மட்டும் விலகி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். இத்தாலிப் பிரதமர் மெலோனி போய் அவரைக் கூட்டிவருகிறார். அதை நம் குடும்பக் குரூப்பில் போட்டது நான். "இவர் கையிலா அணுகுண்டு?" என்று கீழே ஒரு வரியும் எழுதினேன். அரை மணி நேரத்தில் நீ முழுப் படத்தை அனுப்பினாய். அதில் பைடனுக்கு எதிரே, சற்றுமுன் வானத்திலிருந்து இறங்கிய வீரர் ஒருவர் பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். இவர் அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். எனக்கு வந்ததில் அந்த ஆளையே வெட்டியிருந்தார்கள்.

உனக்கு நான் பதில் போடவில்லை. போட்டதை அழிக்கவும் இல்லை. சரியாக இரண்டு வாரத்தில், ஜூன் 27 அன்று, அட்லாண்டாவில் டிரம்போடு தேர்தல் விவாதம் வந்தது. பைடன் பேச்சு நடுவில் அறுந்து நின்றதை நாடே பார்த்தது. ஜூலை 21 அன்று அதிபர் தேர்தல் போட்டியிலிருந்தே விலகினார். "அன்றைக்கே சொன்னேனா இல்லையா?" என்று உனக்கு உடனே எழுதினேன். அப்போது அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நாற்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். கடைசித் தொகை சரியாக வந்துவிட்டது, ஆகவே நடுவில் போட்ட பொய் ரசீதும் செல்லும் என்று எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால் அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நீயும் சும்மா இருந்தவன் இல்லை. அந்த மார்ச்சில் ஒஹாயோ கூட்டத்தில், தான் ஜெயிக்காவிட்டால் ரத்தக்களரி என்று டிரம்ப் பேசினார் என்று ஒரு துண்டு அனுப்பினாய். முழுப் பேச்சைத் தேடி எடுத்து உன் முகத்தில் வீசினேன். சீனக் கம்பெனிகள் மெக்சிகோவில் கார் செய்து இங்கே அமெரிக்காவில் விற்பதையும், அதற்கு 100 சதவீதம் வரி போடுவதையும் பற்றிய பேச்சு அது. நான் சொன்னது சரிதான். ஆனால் அதே மூச்சில் நாட்டுக்கே ரத்தக்களரி என்றும் அவர் சொல்கிறார். அந்த இடம் வந்தபோது நான் இருமிக்கொண்டே கடந்துவிட்டேன். முழுசாகக் கேட்டாலும் அந்த மனிதரின் வாக்கியம் எங்கே கிளம்பி எங்கே போய் நிற்கும் என்று அவர் கட்சிக்காரனான எனக்கே தெரிவதில்லை.

நான் எப்படி இந்த ரிபப்ளிகன் கட்சிக்காரன் ஆனேன் என்று நீ கேட்டதே இல்லை. 1991ல் நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், இவர்கள் பேசினால் புரியாது. ஆபீசில் தயிர்சாத டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைப் பார்ப்பார். அதனால் மதியம் காரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். காரில் ரேடியோ. மதியம் 12 மணிக்கு எங்கள் கட்சிப் பக்கம் பேசும் ரஷ் லிம்பா வருவார், மூன்று மணி நேரம். எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று ஒளிபரப்புக்காரர்களுக்கு இருந்த விதியை அரசாங்கம் 1987ல் எடுத்துவிட்டது. அடுத்த வருஷமே அந்த மனிதரின் குரல் நாடு முழுக்கக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் வந்து சேர்ந்தது அந்தப் புது வெள்ளத்தில். அவர் சிரிக்கவைத்தார், கோபப்படவைத்தார், முக்கியமாக ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்தார். என் அமெரிக்க இங்கிலீஷில் பாதி அவரிடம் கற்றது. மொழியோடு கோபமும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அதற்காக ரேடியோ சொன்னதால் மட்டும் ஓட்டுப் போட்டவன் என்று நினைக்காதே. எனக்கும் காரணங்கள் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியில் எத்தனை வருஷம் நின்றோம் என்று அம்மாவைக் கேள். வரிசையில் நின்றவனுக்கு வரிசையை மீறுகிறவன்மேல் ஒரு எரிச்சல் இருக்கும். அது நல்ல குணம் என்று சொல்லவில்லை, இருக்கிறது என்கிறேன். 2022 ஜூனில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டபோது, அது தானாகச் சரியாகிவிடும் என்று முந்தின வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த உங்கள் டெமாக்ரட் கட்சிக்காரர்கள்மேல் எனக்கு வந்த கோபமும் யாரும் ஊதிவிட்டது இல்லை. மளிகைக் கடை பில் என் கையில் இருந்தது.

குடியுரிமை வாங்கி முதலில் ஓட்டுப் போட்டது 2008ல், எங்கள் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கு. மினசோட்டாவில் லேக்வில் என்ற ஊரில், தேர்தலுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது, அவர் கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து, எதிர்த்து நின்ற ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரபு என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டி மைக்கை வாங்கிக்கொண்டு, இல்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் சில விஷயங்களில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். அன்று கூட்டத்தில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். அந்தக் காட்சியை நான் பல பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீதான், பத்தாவது படிக்கும்போது, "அரபு என்றால் கண்ணியமானவர் இல்லையா அப்பா?" என்று கேட்டாய். அப்போது திட்டினேன். எங்கள் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதே மாதம் டிவியில் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார்: அவர் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன? பவல் கேட்டபோது மட்டும் எனக்கு உறைத்தது. பெற்ற பிள்ளை சொன்னால் எப்போது உறைத்திருக்கிறது?

அடுத்து 2020. தேர்தல் இரவு நாம் இருக்கும் பென்சில்வேனியாவில் டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னிலை. நான் நிம்மதியாகத் தூங்கப் போனேன். சனிக்கிழமை வாக்கில் முன்னிலை எல்லாம் கரைந்து பைடன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். திருட்டு என்று நம்பினேன். நீ சொன்னதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் தலைநகரில் நாடாளுமன்றக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஏறினபோதுகூட நான் டிவியை அணைக்கவில்லை. அம்மா காதில் விழாமல் இருக்க சத்தத்தை மட்டும் குறைத்தேன்.

மறு வருஷம் நான் பூத் வேலைக்குப் பேர் கொடுத்தது உனக்குத் தெரியும். ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை. திருடனைப் பிடிக்கத்தான் போனேன்.

அங்கே முதலில் தெரிந்துகொண்டது இது: நம் மாநிலத்தில் தபால் ஓட்டு உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது. ஃப்ளோரிடாவில் முன்கூட்டியே பிரித்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம், அதனால் அன்றிரவே முடிவு தெரிகிறது. இங்கே லட்சக்கணக்கான உறைகள் காத்துக் கிடந்தன. தபாலில் போடாதீர்கள் என்று டிரம்ப் சொன்னதால் எங்கள் ஆட்கள் நேரில் போட்டோம், உங்கள் ஆட்கள் தபாலில் போட்டார்கள். நேரில் போட்டதை முதலில் எண்ணினார்கள். மர்மம் அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் தபாலில் போடலாம் என்ற சட்டத்தை 2019ல் கொண்டுவந்ததே எங்கள் கட்சி கையில் இருந்த சட்டசபை. இதை எனக்கு இரவு எட்டு மணிக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, எங்கள் பூத்தில் ராத்திரி கணக்கு உதைத்தது. கையெழுத்துப் போட்டவர்களைவிட மெஷினில் போன சீட்டு ஒன்று குறைவு. ஒன்றே ஒன்று. பக்கத்தில் உங்கள் கட்சி சார்பில் உட்கார்ந்திருந்த ரிட்டையர்ட் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதலிலிருந்து பார்ப்போம்" என்றார். ஒன்பதரை மணிக்கு, ஓட்டுப் போடும் மறைப்புக்குக் கீழே மடங்கிக் கிடந்த வெற்றுச் சீட்டை அவரே குனிந்து எடுத்தார். குழந்தை அழுகிறது என்று யாரோ பாதியில் போயிருக்கிறார்கள். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மெஷினில் வந்த நீளத் தாளைக் கதவில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். நான் பிடிக்கப் போன திருடன் எந்தக் கதவு வழியாக வருவான் என்று வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த கணக்கில் அவனுக்கு வழி இல்லை.

2023 ஏப்ரலில் ஓட்டு மெஷின் செய்யும் டொமினியன் கம்பெனிக்கு ஃபாக்ஸ் டிவி 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தொகை என்னைப் பாதிக்கவில்லை. அந்த வழக்கில் வெளிவந்த மெசேஜ்களைத்தான் உட்கார்ந்து படித்தேன். ஓட்டு மெஷின் மோசடி என்ற கதையைத் திரையில் ஓடவிட்டவர்கள், தங்களுக்குள் அதைக் கேலி செய்து எழுதியிருந்தார்கள். உங்கள் பக்கத்துப் பேச்சாளர்களின் போனையும் எந்தக் கோர்ட்டாவது ஒரு நாள் திறந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இன்னமும் தோன்றுகிறது.

2024 அக்டோபரில் நீ கலிபோர்னியாவில் நிம்மதியாக இருந்தாய். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஓட்டு அங்கே 54, ஆனால் தீர்ந்துபோன கணக்கு, எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். இங்கே 19தான், அதற்கு அடித்துக்கொண்டார்கள். தபால்பெட்டியில் வந்த தேர்தல் பிரசார அட்டைகளை ஒரு ஷூ டப்பாவில் சேர்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. எதிராளி கறுப்பு வெள்ளையில், வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. தன் ஆள் கலரில், நாயோடு. அம்மா சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள், ஒரு கிலோவும் சொச்சமும் இருந்தது. டிரம்ப் மெக்டொனால்ட்ஸில் உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தாரே, அது நம் பக்ஸ் கவுண்டியில்தான். அன்று கடை பொதுமக்களுக்கு மூடியிருந்தது, பரிசோதித்து அனுப்பிய கார்கள் மட்டும்தான் ஜன்னலுக்கு வந்தன. ஒரு சேனலில் அது எளிமை, இன்னொன்றில் அது நாடகம். எனக்கு அன்று டிராபிக்கில் நாற்பது நிமிஷம் போனது.

ஊரிலிருந்து உன் பெரியப்பா போன் பண்ணி, "திருவாரூர்ப் பக்கத்துப் பொண்ணு நிக்குது, அதுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவே?" என்று கேட்டார். டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை நடந்ததை நானும் பார்த்தேன், சந்தோஷம்தான். ஆனாலும் நான் போடவில்லை. அதுதான் நவம்பரில் உனக்கும் எனக்கும் வந்த சண்டை. அன்று நீ என்னைச் சொன்ன வார்த்தைகளை மறுநாள் உன் பாட்காஸ்ட் ஒன்றில் அப்படியே கேட்டேன். ஆமாம், கேட்டேன், தேடிப் போய்க் கேட்டேன். நான் உன்னைச் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 6 வழக்குக்காரர்கள் சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மறுபடி ஜெயித்துப் பதவியேற்ற அன்றே மன்னிப்பு கொடுத்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. போலீஸ்காரரை அடித்தவனுக்கும் அதே மன்னிப்பு. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்து, நீ "இப்போதாவது புரிந்ததா" என்று கேட்பாயோ என்று சொல்லாமல் இருந்தேன். கேட்டாலும் பரவாயில்லை. வரிசை விஷயத்திலும் விலைவாசி விஷயத்திலும் நான் மாறவில்லை, அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்.

மே 20 இங்கே பிரைமரி, கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. விடிவதற்குள் போக வேண்டும். டீச்சருக்கு எலுமிச்சை சாதம் பிடித்துவிட்டது, அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வாரம் வருகிறாய் என்று அம்மா சொன்னாள். ஷூ டப்பா உன் ரூமில்தான் இருக்கிறது, தூக்கிப் போடாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்த இத்தாலி வீடியோவை நேற்று அழிக்கப் பார்த்தேன். ரொம்ப நாள் ஆகிவிட்டதால் இனி என் போனில் மட்டும்தான் அழியுமாம், உங்கள் எல்லார் போனிலும் அப்படியே இருக்குமாம். சரி என்று, அதற்குக் கீழேயே, "இது வெட்டிய படம், எதிரே ஆள் இருந்தார், நான் போட்டது தப்பு" என்று எழுதினேன். உன் அத்தை உடனே கட்டைவிரல் போட்டிருக்கிறாள். வீடியோவுக்கா, நான் எழுதினதுக்கா என்று தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா