வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. மழையால் இரண்டு நின்றுபோயின. பொங்கலை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தோம். புத்தக அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று.

பத்தில் நான்கு கூட்டங்களை ஆப்கன் நாவல்களுக்கு ஒதுக்கியது என் யோசனை. "யாரோ ஒரு நாட்டுக் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காலித் ஹுசைனியின் 'பட்ட விரட்டி'. எல்லோரும் அமீர், ஹசன் நட்பைப் பற்றியே பேசினார்கள். நான் சொரயாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். அமெரிக்காவில் வளரும் ஆப்கன் பெண் அவள். பதினெட்டு வயதில் ஒருவனோடு வீட்டைவிட்டுப் போகிறாள். ஒரு மாதத்தில் அப்பா போய்க் கூட்டி வந்துவிடுகிறார். கல்யாணத்துக்கு முன்பே அமீரிடம் அவளே அதைச் சொல்லிவிடுகிறாள். அப்புறமும் ஊர் வாய் ஓய்வதில்லை. ஓர் இரவு காரில் உட்கார்ந்து அழுகிறாள். பையன்கள் எங்கே சுற்றினாலும், யாருக்குப் பிள்ளை கொடுத்தாலும் கேட்பாரில்லை, நான் செய்த ஒரு தவறுக்கு மட்டும் 'நங்', 'நாமூஸ்' என்று ஆயுளுக்கும் பேசுகிறார்களே என்பதுதான் அவள் ஆற்றாமை. மானம், குடும்ப கௌரவம் என்று அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லலாம்.

அதே நாவலில் அமீரின் அப்பா பாபா, வேலைக்காரர் அலியின் மனைவி சனோபரிடம் ஒரு மகனைப் பெறுகிறார்; அவன்தான் ஹசன். சனோபருக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். பாபாவோ அநாதை இல்லம் கட்டிய பெரிய மனிதர். அவர் இறந்த பிறகுதான் அமீருக்கே விஷயம் தெரிகிறது. பாபாவை எனக்கும் பிடிக்கும். அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது.

இரண்டு கூட்டங்கள் ஹுசைனியின் இன்னொரு நாவலான 'ஆயிரம் சூரியப் பேரொளி'க்கு. ஹெராத் நகரத்துப் பணக்காரர் ஜலீல் வீட்டு வேலைக்காரியைக் கர்ப்பமாக்குகிறார். அவள்தான் தன்மேல் வந்து விழுந்தாள் என்று மனைவிகளிடம் சொல்லிவிடுகிறார். பிறந்த மரியமுக்கு 'ஹராமி', அதாவது முறைதவறிப் பிறந்தவள், என்ற பட்டம். ஜலீலுக்கு ஒரு பட்டமும் இல்லை. அந்த மரியமைக் கட்டிக்கொண்ட ரஷீத், மனைவி முகத்தைப் பார்க்கும் உரிமை புருஷனுக்கு மட்டும்தான் என்று புர்கா வாங்கித் தருகிறான். ஒருநாள் அவன் அறையைச் சுத்தம் செய்யும்போது அவள் இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே துப்பாக்கி, அதோடு உடையில்லாத பெண்களின் படம் போட்ட பத்திரிகைகள். ஓர் அம்மா இந்தப் பகுதியை வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் செயலாளர் பொறுப்பில் மிக நல்ல கூட்டம் அதுதான்.

ஆப்கன் ஆண்களை எல்லாம் கெட்டவர்களாக்குகிறோம் என்றார் ஓர் உறுப்பினர். அப்படியில்லை. கல்யாணம் காத்திருக்கும், படிப்பு காத்திருக்காது என்று மகள் லைலாவிடம் சொல்லும் ஆசிரியர் ஹக்கீமும் அதே நாவலில்தான் இருக்கிறார். பழைய கதை என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2021 முதல் அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

கடைசியாக நாதியா ஹாஷிமியின் ஆங்கில நாவலைத் தமிழில் கதையாகச் சொன்னேன். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகளுக்கு முடி வெட்டிப் பையன் உடை போட்டுவிடும் 'பச்சா போஷ்' வழக்கம் பற்றியது. உடை மாறியதும் அதே பிள்ளை கடைக்குத் தனியாகப் போகலாம்.

இதைக் கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆண்கள் இரண்டு பேர். 'பெண்கள் விஷயம்தானே' என்று வீட்டம்மாவை மட்டும் அனுப்பி வைத்தவர்கள் உண்டு. எனக்கு அது வருத்தம்தான். ஆண்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றுதான் இந்த நாவல்களையே எடுத்தேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் சமாளித்திருக்கிறார். உறுப்பினர்களில் பாதிப் பேர் சந்தா பாக்கி. இடம் தந்த நூலகத்தாருக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஆப்கன் பெண்களே எழுதிய கதைகளைப் படிக்க ஆசை. பதினெட்டுப் பெண்கள் ஆப்கன் மொழிகளான தாரியிலும் பஷ்தூவிலும் எழுதிய கதைகள் 2022இல் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்திருக்கின்றன. நான்கு பிரதி வாங்க வேண்டும். கதைக்கு ஒருவராகத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும், ஆண்களும்தான். பாக்கிச் சந்தா இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் ஜூன் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.

செயலாளர்