தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் முறையைச் சீராக்கக் கோரும் மனு

அனுப்புநர்
இ-சேவை மையங்களில் விண்ணப்பம் பதிவோர் மற்றும் தமிழ் மென்பொருள் நிரலர்கள்

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600009.

பொருள்: அரசின் இணையச் சேவைகளில் தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் முறையைச் சீராக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உட்பிரிவு தேவைப்படாத நிலத்தில், கிரையப் பத்திரத்தில் விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் பொருந்தினால்தான் பட்டா தானாக மாறும். பெயர் உண்மையிலேயே வேறென்றால் நிறுத்தி விசாரிப்பதே முறை. ஆனால் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் பெயர்கள் தமிழில் ஏராளம்.

'கௌரி' என்பதை எடுத்துக்கொள்வோம். ஔகாரக் குறிக்கு ஒருங்குறியில் (யூனிகோடு) தனி எண் உண்டு (பதின்மத்தில் 3020). பலர் அதற்குப் பதிலாகக் கொம்பையும் (3014) 'ள' எழுத்தையும் (2995) அடித்து 'கெளரி' என்று பதிகிறார்கள். பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், அவற்றிலிருந்து மாற்றப்பட்ட தரவிலும் இந்தக் குழப்பம் தங்கிவிட்டது. 'ஸ்ரீதர்' இன்னும் மோசம்: முதலெழுத்து 'ஸ' (3000) ஆகவும் இருக்கலாம், 'ஶ' (2998) ஆகவும் இருக்கலாம். பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. 'பொன்னுசாமி'யின் ஒகரம் ஒரே குறியாகவும் (3018) கொம்பும் காலுமாகவும் (3014, 3006) வரும். வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது 8203, 8204, 8205 எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வந்துவிடும்.

2010ஆம் ஆண்டிலேயே அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. என்றாலும் ஒருங்குறியில் சேமித்தால் மட்டும் இது தீராது. ஒரே எழுத்தைக் குறிக்கும் வெவ்வேறு குறி வரிசைகளை ஒன்றாக்கும் ஒருங்குறி முறையான என்.எஃப்.சி. சீராக்கம் 'பொன்னுசாமி'யைச் சரிசெய்யும். 'கெளரி'யையும் 'ஸ்ரீதர்' பெயரையும் தொடாது.

ஆகவே, பெயரைப் பதியும்போதே என்.எஃப்.சி. சீராக்கம் செய்து, மேற்சொன்ன, கண்ணுக்குத் தெரியாத மூன்று குறிகளையும் நீக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஒப்பீட்டுச் சாவி' என்றொரு புலம் தேவை. அதில் ஔகாரக் குறி எல்லாம் கொம்பு–ள ஆகவும், 'ஶ' எல்லாம் 'ஸ' ஆகவும் மாறட்டும். முற்றுப்புள்ளியும் இடைவெளியும் நீங்கட்டும். மாற்றம் இந்தத் திசையில்தான் இருக்க வேண்டும். மறுதிசையில் செய்தால் 'தெளிவு', 'கெளுத்தி' போன்ற சொற்கள் கெட்டுப்போகும். சாவி ஒப்பிட மட்டுமே. பட்டாவில் உள்ள மூலப் பெயரை எந்த நிரலும் மொத்தமாகத் திருத்தக் கூடாது. அது சட்ட ஆவணம்.

இராமசாமி–ராமசாமி, சுப்பிரமணியன்–சுப்ரமணியன் போன்றவற்றைத் தானாக ஒன்றாக்க வேண்டாம். ஒரே ஊரில் அந்தப் பெயரில் இருவர் இருப்பது அபூர்வமல்ல. தந்தை பெயரும் புல எண்ணும் பொருந்தினால் அலுவலருக்குப் பரிந்துரையாகக் காட்டினால் போதும்.

விண்ணப்பதாரருக்கு 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரி பயன்படாது. இரு பெயர்களையும் அருகருகே வைத்து, வேறுபடும் எழுத்தை நிறமிட்டு, கட்டணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும். வடிவம் ஒன்றாக இருக்கும் இடங்களில் எழுத்தின் எண்ணையும் சேர்த்துக் காட்டுவது அவசியம்.

மேற்கண்ட பெயர்களையே சோதனைப் பட்டியலாக ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்த்து, அதில் தேறாத மென்பொருளை ஏற்பதில்லை என்று ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்