பீட் ஹாம், டாம் எவன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழுபதுகளின் ராக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்: "பீட்டில்ஸ் மாதிரி பாடி, ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள்." அதுவாவது கிடைத்ததே என்று பேசாமல் இருந்திருப்பேன். பக்கத்திலேயே பெட்டி கட்டி, 'வித்தவுட் யூ' பாட்டை எழுதியவர் ஹாரி நில்சன் என்று போட்டீர்களே, அதற்கப்புறம் காபி இறங்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததா? அதை எழுதியவர்கள் பேட்ஃபிங்கரின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். 1970-ல் வந்த 'நோ டைஸ்' இசைத்தட்டில் இருக்கிறது. நில்சன் பாடி 1972-ல் அமெரிக்காவில் முதலிடம். மரியா கேரி பாடி 1994-ல் இங்கிலாந்தில் முதலிடம். பேட்ஃபிங்கர் இதைத் தனி ரெக்கார்டாகக்கூட விடவில்லை. அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் வந்த அவர்களுடைய பாட்டுகள் நான்கு, இதைச் சேர்க்காமலே. தாங்கள் சொல்லும் அந்த 'ஒரே பாட்டு' எது என்று தெரிந்தால் நானும் கேட்பேன்.

காணாமல் போனார்களாம்! வரவுசெலவு முழுக்க மேனேஜர் கையில். பணம் எங்கே என்ற தகராறில், 1974 கடைசியில் வந்த இசைத்தட்டைக் கம்பெனி சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஏப்ரலில் பீட் ஹாம் உயிரை மாய்த்துக்கொண்டார். 28 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. அவர் மகள் பிறந்தது அதற்குப் பிறகு. 1983-ல் எவன்ஸும் அப்படியே போனார். இதற்குத் தங்கள் அகராதியில் 'காணாமல் போவது' என்று பெயர்.

நானும் யோக்கியன் இல்லை. 1981-ல் ஒரு ரெக்கார்டிங் கடையில் பேட்ஃபிங்கர் பாட்டுகளை அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினேன். கடைக்காரர் மேலே 'பீட்டில்ஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் அப்படியே நம்பி, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். ஆனால் அவர் கேசட் விற்றவர். தாங்கள் பத்திரிகை நடத்துகிறீர்கள்.

பண்டிட் ரவிசங்கர் பற்றிய தங்கள் சிறப்பிதழையும் நான் மறக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியின் படம். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் பக்கத்தில் கிட்டாரோடு இருப்பவரைத் தோளோடு வெட்டிவிட்டீர்கள். அந்தத் தோள் பீட் ஹாமுடையது. மேடையில் 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டுக்கு ஹாரிசனோடு வாசித்தவர் அவர். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை, சந்தா புதுப்பிக்கச் சொல்லித்தான் கார்டு வந்தது. பிறகு வாசகர் கடிதம் இரண்டு பக்கத்திலிருந்து அரைப் பக்கமானது. குறுக்கெழுத்தும் போய்விட்டது. அதெல்லாம் தங்கள் சௌகரியம்.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் அந்த இரண்டு பெயர்களையும் திருத்திப் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கன்னி, ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
முப்பத்தோரு வருஷச் சந்தாதாரன்,
திருச்சி.