வீடியோ வேகமாக வருகிறது, செலவு ஏன் அதே அளவு குறையவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தேயிலை ஃபேக்டரிக்காரர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், வர்க்கி, சாக்லேட், தைலக் கடை வைத்திருப்பவர்கள் என்று உங்களில் பலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ஏஐ-யில் ரெண்டு வரி அடித்தால் வீடியோ வந்துவிடுகிறதாமே, அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு?" நியாயமான கேள்விதான். பச்சைத் தேயிலை விலையும் சீசன் கூட்டமும் ஏறி இறங்கும் இந்த நீலகிரி மலையில், விளம்பரத்துக்கு என்று எடுத்து வைக்கும் பணம் எவ்வளவு யோசித்து எடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோ வேலையில் எது மலிவாகிவிட்டது, எது ஆகவில்லை என்பதைத் திறந்து எழுதுகிறோம்.

அனிமேஷனின் பழைய கணக்கு இது. நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. கையால் வரைகிறவர்கள் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். அப்படியும் நிமிடத்துக்கு 720 படம் வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு உருவத்தைத் தலை, கை, கால் என்று பிரித்து, மூட்டு கொடுத்து அசைக்க முடிந்தது. ஆனாலும் பின்னணி வரைவது, வண்ணம் நிரப்புவது, போட்டோவில் இருந்து ஒரு பொருளை மட்டும் வெட்டி எடுப்பது, பேச்சுக்கு ஏற்ப வாயை அசைப்பது எல்லாம் நாள்கணக்கில் இழுக்கும். நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இந்தப் பொறுமையான வேலைக்குத்தான் போனது.

இந்த வேலைகள் இன்று உண்மையாகவே சுருங்கிவிட்டன. வெட்டி எடுக்கும் வேலை நிமிடங்களில் முடிகிறது. இரண்டு படங்களுக்கு நடுவே வரவேண்டிய அசைவைக் கருவியே நிரப்புகிறது. வாயசைவும் சப்டைட்டிலும் முதல் வரைவாகத் தானாக வந்துவிடுகின்றன, நாங்கள் திருத்தினால் போதும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவு செய்த குரலில் இருந்து அந்தச் சத்தத்தைப் பிரித்து எடுக்க முடிகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை குன்னூரில் குரல் பதிவு செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இவ்வளவுக்கும் உரிய குறைப்பு உங்கள் கோட்டேஷனில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்களைக் கேட்டால், விலையை விடப் பெரிய மாற்றம் வேறு. முன்பெல்லாம் கதைப்பலகை என்று பென்சில் கோட்டில் சில கட்டங்களைக் காட்டுவோம். நீங்களும் சரி என்பீர்கள். பாதி வேலை முடிந்து வண்ணத்தில் பார்க்கும்போதுதான் "நான் நினைத்தது இப்படி இல்லையே" என்று தோன்றும். அந்த நேரத்தில் மாற்றினால் இரு பக்கமும் நஷ்டம். இப்போது ஏஐ வரைந்த மாதிரிப் படங்களை வைத்து, முழு வீடியோவையும் வண்ணத்தோடு, தற்காலிகக் குரலோடு, தொடக்கத்திலேயே ஓட்டிக் காட்டுகிறோம். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடலாம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்வோம். தயவு செய்து இந்தக் கட்டத்தில் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சரி, எது மலிவாகவில்லை?

2024 பிப்ரவரியில் ஓபன்ஏஐ நிறுவனம், எழுதிக் கொடுத்தால் வீடியோ தரும் சோரா என்ற கருவியைக் காட்டியது. 2025 மே மாதம் கூகுளின் வியோ 3 என்ற கருவி பேச்சும் சத்தமும் சேர்ந்தே வரும் வீடியோவைக் கொண்டு வந்தது. இவை எல்லாம் புள்ளிப் புள்ளியான இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதை நீக்கி ஒரு காட்சியைக் கொண்டு வருகின்றன. எந்தக் காட்சி வரும் என்பது, பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் கருவி எதை அதிகம் பார்த்தது என்பதைப் பொறுத்தது. நம் நீலகிரியை அது அதிகம் பார்த்ததில்லை.

தேயிலைத் தோட்டம் கேட்டால், கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் சமதரையில் நிற்கிறார்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டி, முதுகில் பை தொங்கவிட்டு, சரிவில் நின்று கொழுந்து எடுக்கும் நம் அக்காமார்கள் வருவதில்லை. செடிகளுக்கு நடுவே சில்வர் ஓக் மரமும் இருப்பதில்லை. காட்டுமாடு கேட்டால் ஆப்பிரிக்க எருமையோ அமெரிக்கப் பைசனோ வருகிறது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் இருக்கும் நம் ஊர் காட்டுமாடு வர மாட்டேன் என்கிறது. வரையாடு கேட்டால் ஐரோப்பிய மலையாடு. மலை ரயில் கேட்டால் ஏதோ ஒரு நாட்டு நீராவி ரயில், கல்லாறில் இருந்து குன்னூர் வரை நடுத் தண்டவாளத்தில் இருக்கும் பல்சக்கரப் பட்டை இல்லாமல். சென்னையில் இருந்து பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். உங்கள் ஃபேக்டரியில் வேலை செய்பவருக்கும், வருடம் தவறாமல் ஊட்டிக்கு வரும் குடும்பத்துக்கும் உடனே தெரிந்துவிடும். படமே பொய் என்றால் தேயிலையை யார் நம்புவார்கள்?

ஆர்த்தடாக்ஸ் தேயிலை எப்படித் தயாராகிறது என்று விளக்கும் வீடியோக்களில் இது இன்னும் முக்கியம். இலையைத் தொட்டிகளில் காற்று விட்டு வாட்டுவது, உருட்டுவது, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து செம்பு நிறத்துக்கு வருவது, பிறகு உலர்த்துவது என்று ஒரு வரிசை இருக்கிறது. கருவியிடம் விட்டால் வாட்டாத பச்சை இலை நேராக உலர்த்திக்குள் போகிறது. சிடிசி என்ற வேறு முறையில் இலையை வெட்டிச் சுருட்டும் இயந்திரம் ஆர்த்தடாக்ஸ் வீடியோவில் வந்து நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையை விற்கும் ஒருவர் இப்படி ஒரு வீடியோவை வாங்குபவரிடம் காட்டக்கூடாது. அதனால் செய்முறைக் காட்சிகளுக்கு உங்கள் ஃபேக்டரிக்கு நேரில் வந்து, போட்டோ எடுத்து, நாங்களே வரைகிறோம். வரைந்ததை அசைக்கும் இடத்தில்தான் ஏஐ வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் ஒரு தடவைக்குச் சில நொடிகள்தான் தருகின்றன. வியோ 3 வந்தபோது அது எட்டு நொடி. அடுத்த துண்டில் அதே ஆளின் முகம் லேசாக மாறும், சட்டைப் பொத்தான் ஒன்று கூடும். பொருந்தும்வரை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும். வேண்டாம் என்று ஒதுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கிரெடிட் கழிகிறது. உங்கள் கோட்டேஷனில் 'கருவிக் கட்டணம்' என்று புதிதாக ஒரு வரி இருப்பது இதற்காகத்தான்.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. பலகையிலோ பாக்கெட்டிலோ தமிழில் பெயர் போடச் சொன்னால் கொம்பு இடம் மாறுகிறது, புள்ளி காணாமல் போகிறது, இல்லாத எழுத்தெல்லாம் பிறக்கிறது. எனவே திரையில் வரும் எந்தத் தமிழ் எழுத்தையும் கருவியிடம் விடுவதில்லை. முறையான எழுத்துருவில் நாங்களே மேலே பதிக்கிறோம். பெயர், விலை, எடை, போன் நம்பர் எல்லாவற்றையும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகே உங்களுக்கு அனுப்புகிறோம்.

குரல் விஷயத்தில் எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. கணினித் தமிழ்க் குரல் வேகமாக முன்னேறி வருகிறது, மறுக்கவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் தகவலுக்கு அது நல்லது. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது அல்லவா? அதை விருந்தினருக்கு விளக்கும் அரை நிமிட வீடியோவில், விதி மாறினால் ஒரு வரியை மட்டும் மாற்றி அன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் உங்கள் தொழிலின் கதையைச் சொல்லும் வீடியோவுக்கு மனிதக் குரல்தான் வேண்டும் என்போம். சிறு தேயிலை விவசாயிகளுக்கான பயிற்சி வீடியோக்களைப் படுக மொழியிலும் கேட்கிறீர்கள். எங்களிடம் உள்ள எந்தக் கருவியிலும் அந்த மொழி இல்லை. அதைப் பேசும் ஊர்க்காரர்களையே அழைத்து, உரிய சம்பளம் கொடுத்துப் பதிவு செய்கிறோம். ஒருவரின் குரலை நகல் எடுப்பதானால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் தனிக் கட்டணமும் இல்லாமல் செய்ய மாட்டோம்.

சில வேலைகளை மறுத்துவிடுவோம், மனம் நோக வேண்டாம். நிஜ ஆள் போலவே தெரியும் ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி, உங்கள் பொருளைப் புகழ வைக்கச் சொன்னால் செய்ய மாட்டோம். தங்க வருபவர்களுக்கு உங்கள் அறை ஜன்னலில் இருந்து தெரியாத அருவியைத் தெரிவதாகக் காட்ட மாட்டோம். தோடர் பூத்தையலைப் போல ஒரு வடிவத்தைக் கருவியிடம் வரையச் சொல்ல மாட்டோம். வெள்ளைத் துணியில் இழை எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் தையல் அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வீடியோவில் அது வேண்டும் என்றால் அவர்களிடமே கேட்டு, அவர்கள் தைத்ததையே படம் எடுத்து, அவர்களுக்குப் பணம் கொடுத்துப் பயன்படுத்துவோம்.

உரிமை பற்றியும் கேட்கிறீர்கள். நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. அமெரிக்காவிலோ, கட்டளை மட்டும் கொடுத்து வாங்கிய படத்துக்கு உரிமை கிடையாது என்று பதிப்புரிமை அலுவலகம் சொல்லியிருக்கிறது. ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே உங்கள் பாக்கெட்டில் வரும் சின்னம், கதாபாத்திரம் இரண்டையும் எப்போதும் கையால் வரைந்தே தருவோம். வரைந்த கோப்புகளும் உரிமைக் கடிதமும் உங்கள் கைக்கு வரும். யூடியூப், 2024 மார்ச் முதல், நிஜம் போலத் தெரியும் செயற்கைக் காட்சி இருந்தால் அதை அறிவிக்கச் சொல்கிறது. பார்த்ததுமே கார்ட்டூன் என்று தெரியும் வீடியோவுக்கு அது தேவையில்லை. உங்களுடைய எந்த வீடியோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கோப்போடு எழுதித் தருகிறோம். எந்தக் காட்சியில் ஏஐ எவ்வளவு வேலை செய்தது என்ற பட்டியலும் அதோடு இருக்கும்.

கோடை சீசனுக்கு, அதாவது மே மாத மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி நேரத்துக்கு வீடியோ வேண்டுபவர்கள் மார்ச் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு முன்பு ஒன்றரை மாதம் கேட்போம், இப்போது மூன்று வாரம் போதும். வரும்போது மாதிரி வீடியோ லிங்க் எதையும் தேட வேண்டாம். உங்கள் இடத்தின் போட்டோக்கள், பொருளின் பாக்கெட், வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் நாலைந்து கேள்விகள், இவை இருந்தால் போதும். அந்தக் கேள்விகளை உங்கள் பேச்சிலேயே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் சரி, எழுதிக்கொள்வது எங்கள் வேலை.

அன்புடன்,
உங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் இருந்து அனைவரும்,
குன்னூர்