வாணியும் ராணியும் ஒரே கால்ஷீட்டில்

சென்னை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. டிவி பார்க்க விடாதே, சொட்டு மருந்தை மறக்க விடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் தங்கை மகளுக்கு சீரியலில் கதாநாயகியின் தங்கை வேடம் வந்திருப்பதையும், "ராதிகா மாதிரி இருபது வருஷம் நிற்பாளா?" என்று நீ கேட்டதையும் படித்தேன். நல்ல கேள்விதான், ஆனால் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஆள்தான் சரியில்லை. ராதிகாவை நடிகை என்று மட்டும் பார்த்தால் அந்த இருபது வருஷக் கணக்கு புரியவே புரியாது. அவர் செய்தது இரண்டு வேலை: நடிப்பு, தயாரிப்பு.

1978-ல் பாரதிராஜாவின் கிழக்கே போகும் ரயிலில் வந்த பெண் என்பது ஊருக்கே தெரியும். 1985-ல் அவர் தயாரித்த மீண்டும் ஒரு காதல் கதை, சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருது வாங்கியதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? சின்னத்திரையில் கால் வைக்கும் முன்பே கணக்கு நோட்டுப் பிடித்தவர் அவர். 1994-ல் ராடான் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1999 டிசம்பர் 20 அன்று சன் டிவியில் சித்தி ஆரம்பித்தபோது, திரையில் சாரதாவாக நின்றவரும் செலவுக் கணக்குக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள்தான். சி.ஜே. பாஸ்கர் இயக்கம், சிவகுமார் ஜோடி, 467 எபிசோடு, 2001 நவம்பர் 2-ல் முடிவு. மூச்சு விட்டுக்கொண்டு 2002-ல் அண்ணாமலை. பிறகு செல்வி, அரசி, செல்லமே. 2013 ஜனவரியில் தொடங்கிய வாணி ராணி 2018 டிசம்பர் வரை 1743 எபிசோடு ஓடியது. இரவு 9.30 என்றாலே ராதிகா என்று வீடுகளில் பழகிப்போனதற்குப் பின்னால் நடிப்பு பாதி, அந்த நேரத்தைக் கைவிடாமல் பிடித்துவைத்திருந்த வியாபாரம் பாதி.

அந்த வியாபாரத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். அன்றைய முறையில் ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு அந்த அரை மணிக்குள் சில நிமிட விளம்பர நேரம் அவர் கைக்கு வரும். அதை சோப்புக்கும் நகைக்கடைக்கும் மசாலாவுக்கும் விற்று, அதிலிருந்துதான் படப்பிடிப்புச் செலவு, சம்பளம், லாபம் எல்லாம். சீரியல் பிடித்துவிட்டால் விளம்பர விலை ஏறும், கட்டணம் உடனே ஏறாது. நடுவில் இருக்கும் வித்தியாசம் தயாரிப்பாளருக்கு. பிடிக்காவிட்டால் விளம்பரம் வராது, கட்டணம் மட்டும் நிற்காது, மூன்றே மாதத்தில் ஆள் காலி. தினக்கூலிக்கு நடிப்பவருக்கு இந்த ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சீரியல் எவ்வளவு ஓடினாலும் அவருக்குக் கிடைப்பது நாள் சம்பளம்தான். இப்போது சேனலே பணம் கொடுத்து எடுத்துத் தரச் சொல்லும் முறை பெருகிவிட்டது, உரிமையும் சேனலிடமே. அதனால் இன்றைக்கு ஒரு நடிகை ராதிகா போன வழியில் போக நினைத்தாலும் அந்தக் கதவு பாதி சாத்தியிருக்கிறது.

நடிப்பு வேலைக்கு வருவோம், உன் தங்கை மகளுக்குத் தேவைப்படுவது இதுதான். அரை மணி நேர ஸ்லாட்டில் கதை ஓடுவது 20 முதல் 22 நிமிடம். வாரத்துக்கு ஐந்தோ ஆறோ எபிசோடு என்றால் இரண்டு மணி நேரக் கதை. ஒரு சினிமா அளவுக்கு ஒவ்வொரு வாரமும் எடுத்தாக வேண்டும். காலை 9-லிருந்து இரவு 9 வரை கால்ஷீட், மேக்கப்புக்கு அதற்கு முன்பே போய் உட்கார வேண்டும். வசனம் பெரும்பாலும் அன்று காலையில்தான் கைக்கு வரும், சில நாள் லைட்டிங் நடக்கும்போதே எழுதி வாங்கிவருவார்கள். அதனால்தான் பிராம்ப்டிங். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வரி வரியாகச் சொல்வார், நடிகை கேட்டுத் திருப்பிச் சொல்வார். இதில் கெடுவது இரண்டு. கண் எதிரே நிற்கும் ஆளை விட்டு, குரல் வரும் திசைக்கு ஓடும். குளோசப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அரை விநாடி மௌனம் விழும், எல்லாக் கதாபாத்திரமும் மந்தமாக யோசிப்பதுபோல் ஆகிவிடும். குறைந்தது முதல் மூன்று வரியையாவது மனப்பாடம் பண்ணிக்கொண்டு நிற்கச் சொல். முதல் வரி சொந்தமாக வந்துவிட்டால் மிச்சத்துக்கு வேகம் தானாக வரும்.

பிராம்ப்டர் குரலும் ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்து பதிவாவதால் அப்புறம் டப்பிங். பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் பெண்களுக்கு வேறொருவர் குரல் கொடுப்பது சகஜம். ராதிகாவுக்குப் பெரிய சொத்து சொந்தக் குரல். சமையலறையில் கரண்டியோடு நிற்கும்போது அடுத்த அறையிலிருந்து வசனம் மட்டும் கேட்டாலும் இது ராதிகா என்று தெரிந்துவிடும். சீரியலை முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள், இல்லை, கேட்கிறார்கள். உன் தங்கை மகளுக்குத் தமிழ் தாய்மொழி. "டப்பிங் நானே பேசுகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடட்டும். பிறகு கேட்டால், பழகிய குரலை மாற்ற வேண்டாம் என்று தட்டிக்கழிப்பார்கள்.

வாணி ராணியில் அவருக்கு இரட்டை வேடம். வக்கீல் வாணி, வீட்டோடு இருக்கும் ராணி. சினிமாவில் கேமராவை அசையாமல் பூட்டிவைத்து, ஒரு பாதியை எடுத்து, உடை மாற்றி மறுபாதியை எடுத்து ஒட்டுவார்கள். தினமும் ஓடும் சீரியலில் அதற்கெல்லாம் நேரம் ஏது? வழக்கமாகச் செய்வது, அதே உயரம், அதே கொண்டை உள்ள டூப்பை முதுகு காட்டி நிறுத்தி, தோளுக்கு மேலாக இந்த முகத்தை எடுப்பது. ஒரு பாத்திரத்தின் வசனம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, சேலை, தலை, பொட்டு எல்லாம் மாற்றி அடுத்தவரின் பதில்களை எடுப்பார்கள். இங்கேதான் சிக்கல். வாணி கோபத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாள் என்பது ஒரு மணி நேரம் கழித்து ராணியாக நிற்கும்போது நினைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தி கத்துகிறாள், இன்னொருத்தி தாலாட்டுப் பாடுகிறாள். அத்தனை எபிசோடு இதைச் சமாளித்ததற்கு யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை என்பது என் வருத்தம். வில்லியின் புருவத்துக்குக் கிடைத்த பேச்சுகூட இதற்குக் கிடைக்கவில்லை.

அழுகைக் காட்சி பற்றிக் கேட்டிருந்தாய். கிளிசரின் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். கீழ் இமைக்கு அடியில் தடவினால் போதும், கண்ணுக்குள் விடக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். அதிகமானால் வெள்ளை விழி சிவந்து, அடுத்து எடுக்கும் சிரிப்புக் காட்சியிலும் அந்தச் சிவப்பு தெரியும். எபிசோடு வரிசைப்படி எடுக்க மாட்டார்கள், ஒரே வீட்டில் உள்ள எல்லாக் காட்சியையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். ஆகவே அழும் காட்சியை நாளின் கடைசிக்குத் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், நல்ல இயக்குநர் ஒத்துக்கொள்வார்.

கன்டினியூட்டியும், அதாவது காட்சிக்குக் காட்சி உடையும் தோற்றமும் மாறாமல் பார்த்துக்கொள்வதும், அப்படித்தான். வாசலில் நுழைவது இன்று, கூடத்துக்குள் வருவது பத்து நாள் கழித்து. சேலை, பிளவுஸ், பொட்டின் அளவு, வளையல் எண்ணிக்கை, பூ எந்தப் பக்கம் தொங்கியது எல்லாவற்றையும் உதவி இயக்குநர் குறித்து வைப்பார் என்றாலும், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவளே முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். பல கம்பெனிகளில் உடை நடிகையின் சொந்தப் பொறுப்பு. காட்சி முழுவதும் எடுத்து முடியும்வரை அந்தச் சேலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது, பிளவுஸைப் பிரித்துத் தைக்கவும் கூடாது.

பணம் கடைசியில், ஆனால் முக்கியம். நாள் சம்பளம் என்றால் வேலை செய்த நாளுக்குத்தான். டிராக் மாறி, கதை வேறு குடும்பத்தின் பக்கம் போய்விட்டால் ஒரு மாதம் கூப்பிடவே மாட்டார்கள். ஆனாலும் வேறு சீரியலுக்குத் தேதி கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். செய்த வேலைக்கான பணமும் இரண்டு, மூன்று மாதம் தள்ளியே வருவது வழக்கம். ரேட்டிங் இறங்கினால் முதலில் வெட்டுப்படுவது தங்கை, தோழி வேடங்கள்தான். கதாநாயகிக்கே நிச்சயமில்லை. சித்தி 2 தொடரிலிருந்து 2021-ல் ராதிகாவே விலகியபோது கதையை அடுத்த தலைமுறைப் பெண் மேல் திருப்பி நடத்திக்கொண்டு போனார்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று உன் தங்கையைப் பார்க்கச் சொல்: மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை நாள் வேலை உறுதி, அந்த நாட்களுக்குக் கூப்பிடாவிட்டாலும் பணம் உண்டா, வெளி சீரியல் செய்யத் தடை உண்டா, இரவு 9-க்கு மேல் போனால் கூடுதல் தொகையும் வீட்டுக்குக் கார் வசதியும் யார் பொறுப்பு. வாய்வார்த்தையாகச் சொன்னதை மேனேஜர் மாறியதும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்னத்திரை நடிகர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால், சம்பளம் நின்றுபோனால் முறையிட ஒரு இடம் இருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அவள் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, தேர்வுத் தேதிகளையும் சேர்த்து எழுது. மாதம் 12 நாளுக்கு மேல் கொடுக்க முடியாது என்று இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

அன்புடன்,
கமலா